பாயிண்டை எடுத்து எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட கதை: காட்பாடியில் ஒரு மார்க் 3 அம்பாசிடர்

கண்ணமங்கலம் சாலையில் பழைய அம்பாசிடரோ பத்மினியோ பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதை வேலூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். யாராவது ஒருவர் ஈரத்துணியோடு பெட்ரோல் பம்பைக் குளிரவைத்துக்கொண்டிருப்பார். இங்கே பதிவு செய்வது அப்படி நின்ற ஒரு காரைப் பற்றி. உரிமையாளர் எனக்குப் பழக்கமானவர். வேலை நடந்த பட்டறைக்கும் நான் அடிக்கடி போகிறவன். நேரில் பார்த்ததையும் மெக்கானிக் தன் நோட்டில் குறித்துவைத்த அளவுகளையும் சேர்த்து எழுதுகிறேன். இதே மாற்றத்தைச் செய்ய நினைப்பவர்கள் கிட்டை வாங்குவதற்கு முன் இதைப் படித்தால் நல்லது.

பின்னணி

கார் 1977-இல் பதிவான மார்க் 3 அம்பாசிடர். நான்கு சிலிண்டர், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். உரிமையாளர் சத்துவாச்சாரியில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கார் அவர் தந்தை வாங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற வண்டி இல்லை அது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, விசேஷத்துக்கு ஒடுகத்தூர்ப் பக்கம் இருக்கும் சொந்த ஊர், உறவினர் வீட்டுக்கு ஆம்பூர் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

குறை இரண்டு. முதலாவது எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ளதுதான். ஓரிரு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பிக்கப் குறையும், ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) நடுங்கும். பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் தொடுமுனைகளான பாயிண்டைத் தேய்த்து, நடுவே கேப் (இடைவெளி) வைத்தால் சரியாகிவிடும். இரண்டாவதுதான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. சித்திரை, வைகாசியில் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையிலோ போளூர் ஊருக்குள்ளேயோ மெதுவாக ஊர்ந்தால், இரண்டு மூன்று முறை இருமிவிட்டு நின்றுவிடும். செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், பற்றாது. அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் பிடித்துக்கொள்ளும்.

எல்லோரும் சொன்னது ஒன்றே: பெட்ரோல் லாக். அதாவது சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஏசி பம்ப் (எஞ்சினால் இயங்கும் பெட்ரோல் பம்ப்) இழுக்க முடியாமல் போவது. வேலூரின் வெயிலுக்கு அது நம்பத்தகுந்த காரணம்தான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும், சுற்றிலும் பாறை மலைகள், பொழுது சாய்ந்த பிறகும் அனல் அடங்காது. இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேறு. ஈரத்துணி போட்டார்கள், குழாய்க்கு அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றினார்கள், பம்பை மாற்றினார்கள். வண்டி நிற்பது நிற்கவில்லை.

உரிமையாளரின் மகன் பெங்களூரிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டை வாங்கி வந்து கொடுத்தார். பாயிண்ட் இருந்த இடத்தில் பொருத்தும் சிறிய கறுப்பு மாட்யூல், கேமின் மேல் மாட்டும் காந்த வளையம், இரண்டு ஒயர். அவ்வளவுதான். இதை மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையோடு வண்டி காட்பாடிப் பட்டறைக்கு வந்தது.

பாயிண்ட் செய்யும் வேலை

இதைத் தெரிந்துகொள்ளாமல் பின்னால் எடுத்த முடிவுகள் புரியாது. பாயிண்ட் மூடியிருக்கும்போது, வோல்டேஜை உயர்த்தும் காயிலின் முதல் சுற்றில் ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடி காந்தப்புலம் உண்டாகிறது. பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (நம் ஊர்ப் பட்டறைகளில் டெல்கோ என்பார்கள்) சுற்றும் மேடுள்ள அச்சான கேம், பாயிண்டைத் திறந்தவுடன் புலம் சட்டென்று சரிகிறது. இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பி மேலே சுழலும் ரோட்டார் வழியாக அந்தந்தச் சிலிண்டரின் பிளக்குக்குப் போகிறது. திறக்கும் நொடியில் பாயிண்ட் முனைகளுக்கு நடுவே பொறி பறக்காமல் தடுப்பது கண்டன்சர். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் பாயிண்ட் நிமிடத்துக்கு 6000 முறை, அதாவது விநாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும்.

இதில் தேய்பவை இரண்டு. ஒன்று, முனைகள். இன்னொன்று, கேமில் உரசும் ஃபைபர் குதிகால். குதிகால் தேயத் தேய கேப் குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) தானாக ரிடார்ட் ஆகும், அதாவது பின்தங்கும். ஆயிரம் சொச்சம் கிலோமீட்டரில் பிக்கப் குறைவதற்கு இதுதான் காரணம். கிட்டில் உள்ள மாட்யூல் இந்த இரண்டு தேய்மானத்தையும் ஒழிக்கும், கண்டன்சரையும் தேவையில்லாமல் செய்யும். டிஸ்ட்ரிபியூட்டரின் மற்ற எந்தப் பாகத்தையும் அது தொடாது.

கவனித்தவை

மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர், அம்பாசிடர் டாக்சிகள் ஓடிய காலத்திலிருந்து இதே தொழில். கிட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை டிராயரில் போட்டார். “சார், முதல்ல வண்டி ஏன் நிக்குதுன்னு பார்த்துடுவோம். அப்புறம் இதை மாட்டலாம்” என்றார். இந்த வேலையில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

மத்தியான வெயிலில் வண்டியை விருதம்பட்டு வரை ஓட்டிப்போய், திரும்பி வந்து பட்டறை வாசலில் பானெட்டைத் திறக்காமல் ஸ்லோவில் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இருமி நின்றது. உடனே கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து பார்த்தார்கள். பெட்ரோல் நிறைய இருந்தது. பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி எஞ்சின் மேல் வைத்துச் செல்ஃப் அடித்தார்கள். பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, நூல்போல. சில சமயம் வரவே இல்லை. ஆக, பெட்ரோல் லாக் இல்லை.

அடுத்து மெக்கானிக் செய்தது எளிமையானது. வேறொரு கண்டன்சரை எடுத்து அதன் ஒயரைக் காயிலின் பாயிண்ட் பக்க முனையில் கிளிப் போட்டு, உடம்பை எஞ்சினில் பிடித்துக்கொண்டார். பழைய கண்டன்சரின் இணைப்பைக் கழற்றிவிட்டார். சூடு ஆறாத அதே எஞ்சின் முதல் செல்ஃபிலேயே பிடித்தது. பழையதை வீட்டுக்கு எடுத்துப்போய் மல்டிமீட்டரில் வைத்துத் தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கிப் பார்த்தோம். ஆறியிருக்கும்போது 0.2 மைக்ரோஃபாரட் அருகே நின்ற அளவு, சூடேறியதும் தாறுமாறாக ஆடியது. இத்தனை ஆண்டுகள் ஈரத்துணிக்குக் கிடைத்த பெயர் உண்மையில் அந்த அரை மணி நேரக் காத்திருப்புக்குச் சேர வேண்டியது. பம்ப் ஆறும் நேரத்தில் கண்டன்சரும் ஆறியிருக்கிறது.

இந்த இடத்திலேயே நல்ல கண்டன்சர் ஒன்றைப் போட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மேஜையில் வைத்தபோது வேறு கதைகள் வெளியே வந்தன.

பாயிண்டின் ஒரு முனையில் குழி, எதிர் முனையில் மேடு. இது கண்டன்சர் குறையின் பழைய அடையாளம். ரோட்டாரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடியது, அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. கழற்றுவதற்கு முன் எடுத்த டுவெல் அளவும் (ஒவ்வொரு முறையும் பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) அதையே சொன்னது. இந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60 டிகிரி, மூன்று டிகிரி கூடக் குறைய இருக்கலாம் என்பது கணக்கு. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க முள் அந்த எல்லையைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது. 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கேப் வைத்தாலும் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து கேப் மாறும் என்றால் வைத்து என்ன பயன்?

எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பொறியை முன்கூட்டியே விழவைக்கும் வேக்கம் அட்வான்ஸ் யூனிட்டின் ரப்பர் குழாயைக் கழற்றி மெக்கானிக் வாயால் உறிஞ்சிப் பார்த்தார். நாக்கால் அடைத்தால் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். நிற்கவில்லை, காற்று தாராளமாக வந்தது. டயஃப்ரம் கிழிந்து எத்தனை வருடமோ.

இன்னொன்றைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். பாயிண்ட் உட்காரும் தட்டு, வேக்கம் இழுக்கும்போது சிறிது திரும்பும். அந்தத் தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவே ஒரு சிறிய எர்த் ஒயர் இருக்கிறது, விரல் நீளம்கூட இல்லை. வெளியே துணி உறை முழுசாகத்தான் இருந்தது. மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து ஒரு முனையைத் தட்டிலும் இன்னொன்றை உடம்பிலும் பிடித்துக்கொண்டு தட்டை விரலால் மெல்லத் திருப்பினார்கள். பீப் ஒலி விட்டு விட்டு வந்தது. உறைக்குள்ளே செம்புக் கம்பிகள் அறுந்து, தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது தொட்டுக்கொண்டும் இன்னொரு நிலையில் விலகியும் இருந்தன. வேக்கம் யூனிட் செத்துக் கிடந்ததால் தட்டு திரும்பவே இல்லை, அதனால் இந்தக் குறையும் வெளியே தெரியவில்லை. வேக்கம் யூனிட்டை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் அன்றைக்கே வண்டி பாதி ஆக்சிலேட்டரில் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியிருக்கும், பழி புது யூனிட்டின் மேல் விழுந்திருக்கும்.

மாட்யூலும் எர்த்தை இந்தத் தட்டு வழியாகத்தான் எடுக்கிறது. கிட்டை வந்த அன்றே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முடிவுகளும் காரணங்களும்

உரிமையாளர், மகன், மெக்கானிக் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். நான்கு வழிகள் இருந்தன. நல்ல பாயிண்டும் நல்ல கண்டன்சரும் போட்டு அப்படியே ஓட்டுவது. பாயிண்டை வைத்துக்கொண்டு, மின்னோட்டச் சுமையை மட்டும் டிரான்சிஸ்டர் பெட்டிக்கு மாற்றுவது. கையில் இருக்கும் கிட்டைப் பொருத்துவது. முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் எலக்ட்ரானிக் வகைக்கு மாற்றுவது.

மெக்கானிக் முதல் வழியின் பக்கம். அவர் வாதம் லேசில் தள்ளக்கூடியது இல்லை. “பாயிண்ட் போனா நடுரோட்டுல பிளேடு வெச்சு தேய்ச்சாவது வீடு போய்ச் சேரலாம். இது போனா என்ன பண்ணுவீங்க?” மகனின் கவலை வேறு: அப்பாவுக்கு எழுபதாகிறது, பானெட்டுக்குள் குனிந்து கேப் வைக்கும் வயது தாண்டிவிட்டது. உரிமையாளருக்கோ இன்னொரு கணக்கு. பதிவான நாளிலிருந்து 50 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். சேசிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அவர் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார். ஆகவே எதைச் செய்தாலும் திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும், வெளியே பார்த்தால் பழைய டிஸ்ட்ரிபியூட்டராகவே தெரிய வேண்டும்.

நான்காவது வழி அதனாலேயே அடிபட்டது. டிரான்சிஸ்டர் பெட்டி முனைகள் கருகுவதைத் தடுக்கும், ஆனால் குதிகால் தேய்வது அப்படியே இருக்கும். மகனின் கவலையை அது தீர்க்காது. கடைசியில் ஒப்புக்கொண்டது இது: முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாயிண்டோடு முழுசாகச் செப்பனிட்டு ஓட்டிப் பார்ப்பது. அது சரி என்று தெரிந்த பிறகே கிட்டைப் பொருத்துவது. கழற்றிய பாயிண்ட் தட்டை, கேப் வைத்து, கண்டன்சரோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியிலேயே வைப்பது. மெக்கானிக் இதற்குத்தான் சம்மதித்தார்.

செய்த வேலை

புஷ்ஷை லேத்தில் கன்மெட்டலில் கடைந்து, எண்ணெயில் ஊறப்போட்டு அடித்தார்கள். எர்த் ஒயருக்குப் பதிலாக மெல்லிய பல்லிழைச் செம்பு ஒயரை, தட்டு இரண்டு கோடிக்கும் திரும்பினாலும் இழுபடாத அளவு தளர்வாக விட்டுப் பற்றவைத்தார்கள். வேக்கம் யூனிட் வேலூரில் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடி, கடையிலேயே உறிஞ்சிப் பார்த்து ஒன்றை வாங்கி வந்தார் மகன். அதிக நாள் பிடித்தது இந்த ஒரு பொருளுக்குத்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப ஏற்றுவது இந்த எஞ்சினில் சுலபம். அடியில் உள்ள பிடிப்பு நடுவிலிருந்து விலகி இருப்பதால் ஒரே வாட்டத்தில்தான் உட்காரும். புதுப் பாயிண்ட், புதுக் கண்டன்சரோடு சில வாரம் ஓட்டினார்கள். டுவெல் முள் ஆடவில்லை. ஆனி வெயிலில் வண்டி நிற்கவும் இல்லை. வண்டியைச் சாலையில் நிறுத்திய குறை எலக்ட்ரானிக் இக்னிஷன் இல்லாமலேயே தீர்ந்துவிட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அதன்பின் கிட். பொருத்துவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்தார்கள். முதலாவது எர்த். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். மாட்யூலுக்குத் துருவம் மாறினால் அந்த நொடியே போய்விடும். இந்த வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ்தான் பாடிக்குப் போகிறது என்பதை மீட்டர் வைத்து உறுதி செய்தார்கள். இரண்டாவது காயில். முதல் சுற்றின் தடை 3.2 ஓம். இவ்வகை மாட்யூலுக்கு நான்கு சிலிண்டர் எஞ்சினில் 3 ஓமுக்குக் குறையக் கூடாது. 1.5 ஓம் காயிலைத் தெரியாமல் போட்டால் இரட்டிப்பு மின்னோட்டம் ஓடி மாட்யூலைச் சுட்டுவிடும்.

பொருத்துவது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. காந்த வளையத்தைக் கேமின் மேல் அழுத்தி, ரோட்டார் முழுசாகக் கீழே உட்காருகிறதா என்று பார்த்தார்கள். வளையம் சரியாக இறங்காமல் ரோட்டார் மேலே தூக்கி நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் இடித்து உடையும். சிவப்பு ஒயர் காயிலின் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. பிளக்குக்குப் போகும் வெறும் செம்பு ஹெச்.டி. ஒயர்களை எடுத்துவிட்டு, இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒயர்களைப் போட்டார்கள், இல்லையென்றால் அந்த இரைச்சலே மாட்யூலைக் குழப்பக்கூடும்.

பாயிண்டில் பல்பு வைத்து எஞ்சினை நிறுத்தியே டைமிங் பிடிப்பது மெக்கானிக்கின் பழக்கம். மாட்யூலுக்கு அது சரிவராது. ஓடும் எஞ்சினில் டைமிங் லைட் அடித்து, புல்லியில் உள்ள வெட்டை டைமிங் கவர் முட்களோடு பார்த்துத்தான் வைக்க வேண்டும். பாயிண்டுக்கும் மாட்யூலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பி நிற்கும் இடம் வேறு வேறாக இருந்தது. இங்கே மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்தார். பாயிண்டுக்கான இடத்தில் வெள்ளைக் கோடும் மாட்யூலுக்கான இடத்தில் மஞ்சள் கோடும் பெயிண்டில் இழுத்துவைத்தார். வழியில் மாற்ற நேர்ந்தால் கோட்டுக்குக் கோடு வைத்தால் போதும்.

பிளக் கேப்பை 35 தவ் ஆக்கலாமா என்று மகன் கேட்டார். 25 தவ்விலேயே விட்டார்கள். காயில் பழையது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டாரும் பழைய அளவுக்கே செய்தவை. அதிக வோல்டேஜ் கேட்டால் அது பலவீனமான இடம் எதுவோ அதைத் தேடிப் போகும்.

பின்னர் நடந்தவை

ஸ்லோ சீரானது. திருவண்ணாமலைப் பயணங்கள் சிக்கலில்லாமல் நடந்தன. மைலேஜ் கூடிவிட்டது என்று உரிமையாளர் சொல்கிறார், இருக்கலாம். ஆனால் வேக்கம் யூனிட்டும் அதே சமயத்தில்தான் உயிர் பெற்றது. அதனால் அந்தப் பெருமையைக் கிட்டுக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

மார்கழியில் புதுக் குறை. விடியற்காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், சாவியை விடும் நொடியில் ஒரு உதை உதைக்கும். எத்தனையோ ஆண்டுகளாகப் பாயிண்டோடு இதே குளிரில் பிடித்த வண்டி. அளந்து பார்த்ததில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 10.1 வோல்ட், காயில் பாசிட்டிவில் 7.6 வோல்ட். நடுவில் தொலைந்த இரண்டரை வோல்ட்டை நாற்பத்து சொச்ச ஆண்டு வயதான இக்னிஷன் சுவிட்ச்சும் கனெக்டர்களும் தின்றிருந்தன. பாயிண்ட் வெறும் சுவிட்ச், இருக்கிற வோல்டேஜில் ஏதோ ஒரு பொறியைக் கொடுத்துவிடும். மாட்யூலுக்குள் இருக்கும் சர்க்யூட், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் வேலை செய்யாது. சாவியை விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, அப்போதுதான் அந்த உதை.

தீர்வு ஒரு ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே காயிலுக்கு ஒரு ஒயர், நடுவில் ரிலே. பழைய இக்னிஷன் ஒயர் ரிலேயை இயக்குவதோடு சரி. சாவி போட்டதும் ரிலே இழுத்துக்கொள்ளும், அப்புறம் செல்ஃபில் வோல்டேஜ் இறங்கினாலும் விடாது. மறுபடி அளந்தபோது காயிலில் 9.9 வோல்ட். அதன்பின் குளிரில் சிரமம் இல்லை.

அடுத்தது பொங்கல் சமயத்தில். வண்டியைக் கழுவ வந்த பையன் பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். ரேடியோ இக்னிஷன் லைனில் இருந்தது. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்தால் காயில் வழியாக மின்னோட்டம் நிற்காமல் ஓடும். பாயிண்டாக இருந்தால் அது திறந்த நிலையில் நின்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. மூடி நின்றிருந்தால் காயில் சுட்டிருக்கும். இங்கே காயில் கை வைக்க முடியாத சூடு, மாட்யூல் செத்துவிட்டது. பையனைக் குறை சொல்லி ஆவதில்லை. அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

டிக்கியில் இருந்த டப்பா அன்றைக்குப் பயன்பட்டது. மெக்கானிக் ஊரில் இல்லை. காந்த வளையத்தைக் கழற்றி, பாயிண்ட் தட்டை இரண்டு திருகில் மாட்டி, வேக்கம் கம்பியைக் கோத்து, டிஸ்ட்ரிபியூட்டரை வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பினார் மகன். வண்டி பிடித்தது. காணும் பொங்கலுக்கு ஒடுகத்தூர் போய் வந்தார்கள். மெக்கானிக் முதலில் கேட்ட கேள்விக்கு நல்ல பதில் அந்த டப்பாதான்.

புது மாட்யூல் போட்டபோது ரேடியோவைத் தனி சுவிட்ச்சுக்கு மாற்றினார்கள். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருந்தால் எண்ணெய் அழுத்தச் சுவிட்ச் வழியாக ஒலிக்கும் சிறிய பஸ்ஸரையும் சேர்த்தார்கள்.

அடுத்த கத்திரியில் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் மூச்சுத் திணறாமல் ஏறியது. மேலே போய் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கிளப்பியபோது பிடிக்கவில்லை. பிளக் ஒயரைக் கழற்றிப் பார்த்தார்கள், பொறி நீலமாகக் கொழுத்து வந்தது. கார்புரேட்டர் கிண்ணத்தில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. இந்த முறை உண்மையிலேயே பெட்ரோல் லாக். ஈரத்துணிக்கு இப்போதுதான் வேலை வந்தது. எலக்ட்ரானிக் இக்னிஷன் இதைத் தடுக்காது, தடுக்கும் என்று யாரும் விற்கவும் கூடாது. ஆனால் எது குறை என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துச் சொல்ல முடிந்தது. மானிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு போட்ட பிறகு அது திரும்ப வரவில்லை.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

செல்ஃப் அடிக்கும்போது காயிலில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதை, கிட்டைத் திறப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். இங்கே வேலை நடந்தது ஆனியில். பேட்டரி சுறுசுறுப்பாக இருக்கும் காலம், ஆகவே குறை மறைந்திருந்தது. வயரிங் மாற்றாத எந்த வண்டிக்கும் ரிலேயை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. செலவும் அதிகமில்லை.

சாவி விஷயத்தை வண்டியைத் தொடும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஓட்டுநர், கழுவுபவர், பக்கத்து வீட்டுப் பையன் யாராக இருந்தாலும். ரேடியோவைப் பிரித்துவைப்பதும் கிட் மாட்டும் வேலையிலேயே சேர வேண்டியது.

வாங்கும்போது ரோட்டாரையும் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் ரிவெட் அடித்த மலிவான ரோட்டார்கள் சிலவற்றில் மின்சாரம் ரிவெட் வழியாக ஷாஃப்டுக்கு ஓட்டை போட்டுவிடும். அந்தக் குறையும் சூட்டில்தான் தலைகாட்டும், அதையும் பெட்ரோல் லாக் என்றே சொல்வார்கள்.

புஷ்ஷைச் செப்பனிடும் செலவைத் தவிர்த்து மாட்யூலை மட்டும் போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பாயிண்ட் அளவுக்கு மாட்யூல் ஷாஃப்ட் ஆட்டத்தைப் பொருட்படுத்தாது என்பது உண்மை. ஆனால் காந்த வளையமும் அதே ஷாஃப்டில்தான் சுற்றுகிறது. பொறி விழும் நேரம் சிலிண்டருக்குச் சிலிண்டர் சிதறுவது நிற்காது, வண்டி ஓடுவதால் அது கண்ணில் படாமல் போகும், அவ்வளவே.

அதே பட்டறையில் இப்போது ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பத்மினி நிற்கிறது, சூடானால் நிற்கிறது என்ற அதே புகாரோடு. அதன் உரிமையாளரும் கிட்டை வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். மெக்கானிக் அதை டிராயரில் போட்டுவிட்டு, முதலில் கண்டன்சருக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.